நாரைச் சத்தத்துக்கு நான் கொடுத்த பதில்

கிள்ளான் சதுப்புக் காட்டுக்கு எப்படிப் போவது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் கடைசியாகப் போனது தொண்ணூறுகளில், புகைமூட்டம் ஊரையே மூடியிருந்த ஒரு செப்டம்பரில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அருளைப் பிடிக்கப் போனேன்.

அருள் என் பழைய அலுவலக நண்பன். எழுபதுகளில் ஞாயிறுதோறும் இருவரும் அந்தச் சேற்றில் இறங்கி நாரைகளை எண்ணுவோம். காட்டைக் காப்பாற்ற மறியல் செய்தான், பேர் வாங்கினான், தேர்தலில் நின்று ஜெயித்தான். ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், ஆன பிறகு என் போனை எடுப்பதில்லை. அவன் பதவியில் இருக்கும்போதே பாதிக் காட்டில் மண் கொட்டிவிட்டார்கள். மீதிப் பாதியைப் பற்றி அந்த வாரம் சட்டமன்றத்தில் அவன் பேச வேண்டும். காலையில் காட்டுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டு, அதையாவது விட்டுவைக்கச் சொல் என்று கெஞ்சத்தான் போனேன்.

பிரிக்பீல்ட்ஸில் 6.30க்குத் தோசை, 7.10க்குக் கொமுட்டர் ரயில், 8.15க்குக் கிள்ளான். அங்கிருந்து டாக்சியில் ஒன்பது கிலோமீட்டர், பன்னிரண்டு ரிங்கிட். பேரம் பேசிப் பார்த்தேன், டிரைவர் மசியவில்லை. காலையிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார்.

வாசலில் காவலாளி ஒருவர் முகத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஒய்பியா? உள்ள போயி அரை மணி நேரம் ஆச்சு அண்ணே. டெய்லி வராரு லா, தனியா."

"என்ன பண்றாரு?"

"தெரியல. கட்டைய தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். எனக்குப் பயம், நான் உள்ள போறதில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. நாரை கூடு கட்டும் காலத்தில் அலகைத் தட்டும். நாங்கள் இரண்டு மூங்கில் துண்டுகளால் அதே சத்தத்தை எழுப்பி, பதில் வருகிறதா என்று காத்திருப்போம்.

பலகைப் பாதையில் நடந்தேன். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பறவை இல்லை. சதுப்பில் ஒரு கொசுகூட இல்லை என்றால் நம்புவீர்களா? திடீரென்று எங்கிருந்தோ டக் டக் டக். நின்றது. மறுபடி டக் டக் டக். நடுவில் இருந்த அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு குச்சிகளைப் பொறுக்கித் திருப்பித் தட்டினேன். நான் வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான்.

புகைக்குள் ஒருவன் விம்மி விம்மி அழுதான். "வந்துட்டீங்களாடா! எல்லாரும் திரும்பி வந்துட்டீங்களா!"

அருள்தான். நான் தட்டியதை நாரைகளின் பதில் என்று நினைத்துவிட்டான். சத்தமில்லாமல் திரும்பி நடந்தேன்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் அருளின் படம். "நாரைகள் மறுபடியும் கூடு கட்டுகின்றன. என் காதாலேயே கேட்டேன். மண் கொட்டியதால் பாதிப்பு ஒன்றுமில்லை" என்று சட்டமன்றத்தில் பேசியிருந்தான். அடுத்த மாதமே மீதிப் பாதிக்கும் லோரிகள் போயின.

இப்போது போவது சுலபம். காடு இருந்த இடத்தில் நிற்கும் கிடங்குகளின் வாசல் வரை தார் ரோடு. பூட்ஸ் வேண்டாம், கொசு மருந்து வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம். அரை மணி நேரம் தாராளம். தட்டியது நான்தான் என்று அன்றே பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் காடு பிழைத்திருக்கலாம். அவன் அழுததை நினைத்துக்கொண்டு எழுதாமல் இருந்துவிட்டேன்.