ஒத்தக்கடைப் பெட்டியின் பொட்டு

என் வேலைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட் இவற்றோடு ஒரு சதுரத் துணியும் எப்போதும் கிடக்கும். ஒரு மெஷினின் வெர்ஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன் அதன் முகப்பை அந்தத் துணியால் ஒருமுறை துடைப்பேன். தூசியே அண்டாத ஏசி அறையிலும் துடைப்பேன். "அண்ணே ஓட்டல்ல மேசை தொடைக்கப் போக வேண்டியவரு, வழி தவறி இங்க வந்துட்டாரு" என்று கூட வேலை பார்க்கும் பையன்கள் கேலி செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போது பையில் இருப்பது ஐந்தாவதோ ஆறாவதோ. முதல் துணி ஆபரேட்டரம்மா கொடுத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பராமரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஆபரேட்டரம்மா அந்த மருத்துவமனையின் தலைமை ஆபரேட்டர். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் சௌராஷ்டிர பாஷையில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டு, அடுத்த நொடி மேலூர்க்காரருக்கு மேலூர்த் தமிழிலேயே பதில் சொல்வார். ஒருமுறை கேட்ட குரல் அவருக்கு மறக்காது. "வீட்டுக்காரருக்கு இப்பத் தேவலையா? இருங்க, வார்டுக்குப் போடுறேன்" என்று பெயர் கேட்காமலே லைனைச் சேர்த்துவிடுவார். ஆயுத பூஜையன்று அறையிலிருக்கும் ஒவ்வொரு மெஷின் பெட்டிக்கும் தன் கையாலேயே சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இடுவார். பட்டையான, கனத்த பொட்டு. அது காய்ந்து தானாக உதிரும்வரை யாரும் அதில் கை வைப்பதில்லை.

அந்த வருடம் மருத்துவமனையில் கால் சென்டர் வைக்க முடிவானது. ஹெட்ஃபோன் மாட்டிய எட்டுப் பெண்கள், அவர்களுக்கு சூப்பர்வைசராக ஆபரேட்டரம்மா. நிர்வாக அதிகாரி வாயால் சொல்லியிருந்தார், ஆர்டர்தான் கைக்கு வரவில்லை. கால் சென்டர் மென்பொருள் ஓட வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் புது வெர்ஷனுக்கு மாற வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மாறினால், அதோடு பேசுகிற மற்ற பெட்டிகளும் குறிப்பிட்ட ஒரு வெர்ஷனுக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால் அவற்றை முதலில் அந்த வெர்ஷனுக்கு ஏற்றிவிட்டுத்தான் எக்ஸ்சேஞ்சைத் தொட வேண்டும். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலைதான். பெட்டி பெட்டியாக வெர்ஷனைக் கேட்டுக் கட்டம் போட்டு, எது முன்னே எது பின்னே என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. இதை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்று என் மேலாளர் சொல்லியிருந்தார்.

மற்ற பெட்டிகளின் வெர்ஷனைத் திரையிலேயே பார்த்துக் குறித்துவிட்டேன். ஒத்தக்கடைக் கிளை மருத்துவமனையை எங்களோடு இணைக்கும் சிறிய பெட்டிக்கு மட்டும் திரை கிடையாது. முகப்பில் ஒட்டிய தாளில்தான் எண் இருக்கும். அந்தத் தாளின் மேல் ஆபரேட்டரம்மாவின் பொட்டு காய்ந்து கிடந்தது. நான் பழைய ஃபைலைப் புரட்டி அதிலிருந்த எண்ணை எழுதப் போனேன்.

"ஃபைல்ல இருக்கத எழுதாதீக தம்பி," என்றார் ஆபரேட்டரம்மா. "சித்திரையில இடி விழுந்து அந்தப் பெட்டிக்குள்ள இருக்க சர்க்யூட் கார்டு மாத்துனாக. புதுத் தாளு ஒட்டியிருக்காக. தொடச்சுப் பாருங்க."

"குங்குமத்தப் போயி அழிக்கவாம்மா?"

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. இந்தாங்க," என்று ஈரத்துணி ஒன்றை நீட்டினார்.

வாங்கினேன். துடைக்கவில்லை. சுமங்கலி ஒருவர் வைத்த பொட்டை அவர் கண்முன்னே அழிக்கக் கை வரவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மணி ஒன்று, எனக்குப் பசி. கார்டு மாற்றினால் அதே வெர்ஷனைத்தான் போட்டிருப்பார்கள் என்ற மிதப்பு வேறு. ஃபைலில் இருந்த எண்ணை எழுதிக் கட்டத்தை முடித்துவிட்டு, துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

வெளி நோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எக்ஸ்சேஞ்சை மாற்றினோம். எல்லாம் ஓடியது, ஒத்தக்கடை மட்டும் செத்துக் கிடந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸ் கேட்டாலும் இங்கே மணி அடிக்காது; அந்தக் கிளைக்கு வெளி லைனும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான், செல்ஃபோன் எல்லோர் கையிலும் இல்லாத காலம். திங்கட்கிழமை முழுக்க அந்தக் கிளையின் டிரைவர், செய்தி எழுதிய துண்டுச் சீட்டுகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். விபத்தில் கால் நசுங்கிய ஒருவருக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நல்லவேளை, ஆள் பிழைத்துவிட்டார். அன்று சாயங்காலம்தான் பையிலிருந்த துணியை நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். அடியில் இருந்த எண் ஃபைலில் இருந்ததைவிடப் பழையது. கையிருப்பில் கிடந்த பழைய கார்டைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை முதலில் ஏற்றியிருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு விளக்க அறிக்கை அனுப்பச் சொன்னார் மேலாளர். கிளை துண்டானதற்குக் காரணம், டெலிபோன் அறை ஊழியர் வெர்ஷன் தாளின் மேல் பொட்டு வைத்து எண்ணை மறைத்தது என்று எழுதி ஃபேக்ஸில் அனுப்பினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஈரத்துணியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. சூப்பர்வைசர் நாற்காலியில் வெளியிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். ஆபரேட்டரம்மாவைத் தரைத்தளத்துக்குக் கீழே இருந்த பழைய கேஸ் ஃபைல்கள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே டெலிபோனே கிடையாது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே சென்னைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

சில வருடம் கழித்து, அப்பாவின் பழைய ஆபரேஷன் ஃபைல் வேண்டி அந்த அறைக்குப் போக வேண்டிவந்தது. கவுண்டரில் அவரேதான். நான் வாயைத் திறந்து அப்பா பெயரைச் சொன்னதும், தலை நிமிராமலே, "எக்ஸ்சேஞ்சு தம்பியா? நல்லாருக்கீகளா?" என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மா, அன்னைக்கு ஆபீசருக்கு அந்த ரிப்போர்ட்ட எழுதுனது நாந்தான்," என்றேன்.

"தெரியும். ஃபேக்ஸ் மிசினு எங்க ரூம்லதான இருந்துச்சு. நாந்தான் கிழிச்சு எடுத்தேன். ரெண்டு தடவ படிச்சேன். பெறகு ஆபீசர்ட்டக் கொண்டுபோயிக் குடுத்தேன்."

"துணி குடுத்ததச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன். எழுத்துல இல்லையேன்னாரு."

"அந்தப் பேப்பரக் குடுக்காமயே இருந்திருக்கலாம்."

"அதெப்புடி? யாருக்கு வந்துச்சோ அவுகளுக்குச் சேக்குறதுதான தம்பி நம்ம வேல."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. எழுந்து போய் அப்பாவின் ஃபைலைத் தேடி எடுத்துவந்தார். அட்டையில் எண்ணே தெரியாத அளவுக்குத் தூசி. மேசையில் துணி ஏதும் இருக்கிறதா என்று தேடினார். நான் பையிலிருந்து என் துணியை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு அட்டையை அழுத்தித் துடைத்து, எண்ணையும் பெயரையும் விரல் வைத்துப் படித்து, துணியை மடித்து ஃபைலின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"தொடச்சுட்டேன்," என்றார். "நீங்களும் ஒருதடவ படிச்சுப் பாத்துக்கங்க."