பதினாறு வரை எண்ணுவது

"மாஸ்டருக்கு இன்னா, இரும்பு உடம்பு" என்பார்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள். மனிதர்கள் வாயிலிருந்து வருகிற பேச்சு எதுவானாலும் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் அப்படியே சொல்லிக் காட்டுவேன், அவளும் சிரிப்பாள். இதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

"இரும்பா? தெனம் முட்டிக்கு எண்ணெ தேச்சு வுடறது யாருன்னு அவங்கள கேளுங்க" என்றாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், லாம்ப் ரூமில் வேலை பார்த்தேன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. எனக்கு எப்போதும் பகல் வேலைதான். மற்ற நேரத்தில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளின் கடைசியில் இருந்த தகரக் கொட்டகையில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பஜாரில் வாங்கிய ஒரு படப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டதுதான். ஆரம்பத்தில் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், "நாளெல்லாம் கீழ குனிஞ்சே கெடக்கறோம் மாஸ்டர். மேல வந்தா கொஞ்சம் நிமிரணும்" என்றார். அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது எனக்கு. இப்படிக் கேட்கிற மனிதனிடம் எப்படி முடியாது என்பது?

நாலு பேர் கொட்டகை கொள்ளாத கூட்டமானார்கள். ஷிப்ட் மூன்று என்பதால் வகுப்பும் மூன்றாயிற்று. மதிய ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு விடிகாலையில். காலை ஷிப்ட் முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தவர்களுக்கு நான் வேலைவிட்டு வந்ததும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அதற்கும் அடுத்த மணியில். வாரம் மாறினால் ஆட்களும் வகுப்பு மாறுவார்கள். ஆனால் யாராக இருந்தாலும் ஒரு நாளில் ஒரு தடவைதான் வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கையையும் காலையும் ஆட்டுகிறவன். மூன்றையும் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான், நானும் என் மனைவியும்.

எல்லாப் பயிற்சிக்கும் பதினாறு எண்ணிக்கை. கடைசியில் மூச்சுப் பயிற்சி. ஒன்று என்றால் கையைத் தூக்கி மூச்சை இழுக்க வேண்டும், இரண்டு என்றால் கையை இறக்கி மூச்சை விட வேண்டும், மூன்றுக்கு மறுபடி இழுக்க வேண்டும். நான் சத்தமாக எண்ணிக்கொண்டே அவர்களோடு சேர்ந்து செய்வேன். ஒருநாள் முட்டி வலி தாங்காமல் வெறுமனே நின்று எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர் பயிற்சியை நிறுத்திவிட்டு, "இன்னாச்சு மாஸ்டர், உக்காருங்க" என்று என் காலை அமுக்க வந்துவிட்டார்கள். அன்றைக்கு வகுப்பு முடிய இன்னும் அரை மணி கூடுதலாயிற்று.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் எனக்குள் என்னவோ ஆயிற்று. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதினால் போதும், மழை வராதா, யாரும் வராமல் போகமாட்டார்களா என்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேனாம். மனைவிதான் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாங்க இது, சோத்தையும் பதினாறு வாயோட நிறுத்திட்டீங்க?"

அந்த வாரத்தில்தான், குனியச் சொன்னால் முட்டியை மடக்கிக்கொண்டே இருந்த ஒருவரை, அத்தனை பேர் முன்னாலும், "ஒனக்கு மாட்டு மூளையா?" என்று கேட்டுவிட்டேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மறுநாள் ஒரு காகிதத்தில் இரண்டு அவித்த முட்டையைக் கட்டிக் கொண்டுவந்து, "மாஸ்டரு, நீங்க சரியா சாப்புடறதில்ல போல" என்று கையில் வைத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. சரி என்று காலை வகுப்பில் சொன்னேன். உடம்பு தாங்கவில்லை, குறைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். எல்லாரும் பதறிப் போனார்கள்.

"சொல்லக் கூடாதா மாஸ்டர்? மொதல்ல அந்த சாயங்கால கும்பல் ரெண்டையும் நிறுத்துங்க. எங்களுக்கு மட்டும் எடுத்தா போதும்."

சாயங்காலம் போய்ச் சொன்னேன். "காலைல தூங்குங்க மாஸ்டர். எவன் கேக்கறான்னு பாக்கறோம். எங்களோட நிறுத்திக்குங்க" என்றார்கள். கடைசி வகுப்பும் அதையே சொல்லிற்று. மூன்று கும்பலுக்கும் என்மேல் அவ்வளவு அன்பு. யார்மேல் கோபப்படுவது?

பிறகு ஓர் ஆளைத் தயார் செய்தேன். சுரங்கத்துக்குள் டிராலி தள்ளுகிறவர். நல்ல கட்டான உடம்பு, கணீரென்ற குரல். படப் புத்தகத்தையே அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஆறாம் நாள் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னால ஆவல மாஸ்டர். நான் முன்னால நின்னு கத்தறேன், அத்தன பேரும் ஒங்க வூட்டு வாசலையே பாக்கறானுங்க. இன்னிக்கு எண்ணி நாலு பேரு."

அவர் போன சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். பாறையில் துளை போடுகிற மிஷின்காரர். பத்து வருஷத் தூசி அவர் நெஞ்சுக்குள் இருந்தது. இருமினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ஒருநாள் தவறாமல் வருகிறவர். மூச்சுப் பயிற்சியில் நெஞ்சு சரியாகிவிடும் என்று நம்பினார். ஆகாது என்று எனக்குத் தெரியும். படப் புத்தகம் படித்தவன் சொல்லக்கூடிய விஷயமா அது? அதனால் சொல்லாமலே இருந்தேன்.

"நானே வூட்ல செஞ்சு பாத்தேன் மாஸ்டர்" என்றார். இருமி முடிக்கக் காத்திருந்தேன். "இழுத்துடறேன். நீங்க எண்ணலன்னா எங்க வுடறதுன்னு தெரியல."

மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டபோது அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து அடுப்போரம் வைத்தாள்.

செய்தி லைனுக்குள் எப்படிப் போயிற்றோ, கொட்டகை நிறைந்துவிட்டது. முட்டை கொண்டுவந்தவர் இருந்தார். டிராலிக்காரர்கூட வரிசையில் நின்றார், முகத்தில் அவ்வளவு நிம்மதி. குனிந்தோம், நிமிர்ந்தோம். கடைசியில் மூச்சுப் பயிற்சி. மிஷின்காரர் முதல் வரிசையில் என் முகத்துக்கு நேராக நின்றார்.

ஒன்பது, பத்து வரை எண்ணினேன். பதினொன்று என்றதும் எல்லாக் கையும் மேலே போயிற்று, எல்லா நெஞ்சும் நிறைந்தது. அதற்குமேல் எனக்கு வாய் திறக்கவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த எண்ணைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். இப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

யாரும் கையை இறக்கவில்லை. யாரும் மூச்சை விடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அத்தனை கைகளும் மேலே நின்றபடி இருக்க, அத்தனை கண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. மிஷின்காரரின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கோத்தது. அப்போதும் அவர் விடவில்லை, நான் சொல்லட்டும் என்று இருந்தார்.

பன்னிரண்டு என்றேன்.