வீட்டு உறுதியில் இல்லாத உம்மா

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வரும். வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகள் உம்மாவின் குடி. ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை. கலியாணம் முடிக்கக் கூடாது. இப்போது பலர் இதைப் பார்ப்பதில்லை. என் மூத்த சகோதரி ராத்தாவின் மகளைக் கேட்டு வந்த மாப்பிள்ளையின் உம்மா பார்ப்பவர்.

இரண்டு பேரும் ஒலுவில் கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். நாள் குறிக்கப் போகும்போது மாப்பிள்ளையின் உம்மா சொன்னார்: "உங்கட மூத்தம்மா எங்கட குடி எண்டு ஒரு கதை இரிக்கி."

மூத்தம்மா, அதாவது எங்கள் உம்மாவின் உம்மா, நான் பிறக்குமுன்பே மௌத்தாகி மறைந்தவர். உம்மாவும் இப்போது இல்லை. அவர் குடி எது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"தம்பி, நீ பேப்பர்ல வேல செஞ்ச ஆள்தானே, தேடிப் புடி" என்றார் ராத்தா.

கலியாணப் பதிவுகளைத் தேடினேன். பெண்ணுக்காக அவள் வாப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். பெண்ணின் உம்மாவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நான்கு தலைமுறை ஆண்கள் கிடைத்தார்கள். அவர்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை. கடைசியில் மூத்தம்மாவின் சீதன வீட்டு உறுதி, அதாவது பத்திரம், அகப்பட்டது. 'என் மகளுக்கு' என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடைய குடியை விசாரித்தேன். மாப்பிள்ளை வீட்டுக் குடியேதான்.

பத்திரிகைப் பழக்கத்தில் இன்னொரு வாயாலும் உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்து, உம்மாவின் மூத்த சகோதரியான பெரியும்மாவுக்கு அக்கரைப்பற்றுக்குப் போன் எடுத்து, சீதன வீட்டு உறுதியில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அந்த வீட்ட அவதான் குடுத்தாவா?"

"ஓம் மகன், அவதான்."

மாப்பிள்ளையின் உம்மாவிடம் உறுதியின் பிரதியையே கொண்டுபோய்க் காட்டினேன். கலியாணப் பேச்சு நின்றது. ராத்தாவின் மகள் என் ஸலாமுக்குக்கூடப் பதில் சொல்வதை நிறுத்தினாள்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியும்மாவைப் பார்க்கப் போன இடத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்.

"வீடு குடுத்தவ எங்கட உம்மாவப் பெத்தவ இல்லயே. பெத்தவ புள்ளப்பேத்தோட மௌத்து. இவ ரெண்டாந்தாரம். தனக்குப் பொம்புளப் புள்ள இல்லாததால வீட்ட உம்மாக்கே குடுத்தா."

"இத ஏன் பெரியும்மா அண்டைக்குச் சொல்லல்ல?"

"நீ வீடு ஆரு குடுத்த எண்டுதானே கேட்ட."

பெற்றவள் என்ன குடி என்று கேட்டேன். யோசிக்காமல் வேறொரு குடியைச் சொன்னார். மூன்று மாதமாக நான் தேடியது அது.

மறுநாள் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனையில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தேன். எழுத்தில் ஒன்றுமில்லை, ஒரு வயசாளியின் வார்த்தைதான் இருக்கிறது என்று வழியெல்லாம் எனக்குக் கலக்கம். மாப்பிள்ளையின் உம்மா பெரியும்மாவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். பெற்றவள் யார், அவள் தங்கை எங்கே வாழ்க்கைப்பட்டாள், அந்தத் தங்கையின் மகள் யார் என்று கேட்டார். கடைசிப் பெயரைக் கேட்டதும், "அவவா? அவவ எனக்குத் தெரியுமே, அவ வேற குடிதான்" என்றார். பிளேன்டீ ஆறுவதற்குள் பேச்சு நாள் குறிப்பதற்குத் திரும்பியிருந்தது.

என் மடியில் கோப்பு இருந்தது.

"அதென்ன தம்பி?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்.

"உறுதிட பிரதி."

"அத வெச்சித்தானே இவ்வளவு கரச்சல்" என்றார் பெரியும்மா.