மூன்றாம் சரணம்

என் மகனின் ஞானஸ்நானத்துக்கு எந்தப் பாட்டு என்று போதகர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. உடனே சொல்லிவிட்டேன். அப்படி உடனே சொன்னது தப்போ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதை எழுதியவர் பழைய காலத்து உபதேசியார் ஒருவர். அவருடைய இரண்டு பாட்டுகள் எல்லாச் சபைகளிலும் மனப்பாடம். ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று அடக்கத்துக்கு. நான் கேட்டது அவ்வளவாக யாருக்கும் தெரியாத இன்னொன்று, கீர்த்தனைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருப்பது. எங்கள் வீட்டு ஜெபத்தில் அம்மா பாடுவார்.

அதில் மூன்றாம் சரணம்தான் எனக்கு வேண்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பற்றி நாலு வரி. என் பிள்ளை எட்டாம் மாதமே பிறந்து பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். தொட விடவில்லை. வெளியே நின்று அந்த நாலு வரியைத்தான் பாடிக்கொண்டிருந்தேன், நர்ஸ் திட்டுவாரோ என்று பயந்து, உதட்டுக்குள்ளேயே. அவனுக்குக் கேட்டிருக்காது. தண்ணீர் தெளிக்கும் நாளில் அதை ஒரு முறையாவது சத்தமாகப் பாடிவிட வேண்டும் என்றிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. எங்கள் படப்பைச் சபையில் இசைக்குழு என்றால் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் நாலு பேர். கீபோர்டு வாசிக்கும் தம்பி தூத்துக்குடிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

"இந்தப் பாட்டா? தெரியும்லாக்கா. யூடியூப்ல ஒரு பேண்டு பண்ணிருக்காங்க, செம ஹிட்டு" என்று போனில் போட்டுக் காட்டினான்.

கிட்டார், கைதட்டல். பல்லவி ஐந்து தடவை வந்தது. முதல் சரணம், இரண்டாம் சரணம், பிறகு வார்த்தையே இல்லாமல் கொஞ்ச நேரம் ஓ ஓ என்றார்கள். முடிந்துவிட்டது.

"மூணாவது சரணம் எங்கப்பா?"

"அது சோகமால்லா இருக்கு. பாட்டு அப்படியே எறங்கிரும். அதான் எடுத்துட்டாங்க போல."

எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை, அந்த பேண்டு மேல். அந்தக் கல்யாணப் பாட்டில் ஒரு வரியை விட்டுப் பார்க்கட்டும், சபை மொத்தமும் திரும்பிப் பார்க்கும். தெரியாத பாட்டு என்பதால்தானே இந்தத் துணிச்சல்? கேட்பதற்கு ஆள் இல்லை. உபதேசியாரின் பெயர் வேண்டும், அவர் எழுதியது முழுதாக வேண்டாம். இதையெல்லாம் மனதுக்குள்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின், அவர்கள் பாடாவிட்டால் இந்தப் பாட்டை யார்தான் கேட்டிருப்பார்கள் என்றும் தோன்றியது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தையே எடுத்துப் போனேன். மூன்றாம் சரணத்தை விரலால் காட்டினேன். அவன் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தான்.

"அக்கா, ஆதி தாளம், துரித காலம்னுல்லா போட்டிருக்கு? வேகமாத்தான் பாடணும். நீங்கதான் இழுக்கீங்க."

அந்த வரியை எங்கள் வீட்டில் யாரும் படித்ததே இல்லை. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, மூச்சு வாங்கி வாங்கித்தான் பாடுவார். அவர் மூச்சு வாங்கிய இடங்களையும் சேர்த்துத்தான் நான் பாட்டு என்று கற்றுக்கொண்டேனோ? புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பாவமாகிவிட்டது போல. "விடுங்கக்கா. மூணாவது சரணம் சேத்துக்கிடுதோம். அந்த எடத்துல டிரம்ஸ நிறுத்திருதோம். நீங்க மைக்ல உங்க இஷ்டத்துக்குப் பாடுங்க."

மறுநாள், ஞானஸ்நான ஞாயிறு காலையில் டிரம்ஸ் தம்பி வரவில்லை.

"அவனுக்கு ஓ.டி. போட்டுட்டாங்கக்கா. கீபோர்டுலயே ரிதம் செட் பண்ணிட்டேன், கவலப்படாதீங்க."

மூன்றாம் சரணத்தில் அந்த ரிதம் நிற்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அதற்குள் மாமியார் பிள்ளையின் தொப்பியைக் காணோம் என்று கூப்பிட்டார்.

ரிதம் நிற்கவில்லை. நான் எனக்குத் தெரிந்தபடி பாட ஆரம்பித்தேன். கீபோர்டு தன் பாட்டுக்கு ஓடியது, குழு அதோடு ஓடியது, கைதட்டியவர்கள் பாதிப் பேர் என்னையும் பாதிப் பேர் அவர்களையும் பார்த்தார்கள். நான் இரண்டாம் வரியை முடிக்கும்போது அவர்கள் சரணத்தையே முடித்து நிறுத்திவிட்டார்கள். கையில் மைக். இன்னும் இரண்டு வரி. போதகர் புத்தகத்தைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பாடினேன். கடைசி வரியில் குரல் உடைந்து பாதிதான் வந்தது.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, எல்லாரும் நிறுத்திட்டாங்க, நீ மட்டும் பாடிக்கினு கீறே? தாளம் காதுல வியலயா?"

"விழுந்துச்சு அத்தை" என்றேன்.

மத்தியானம் பிரியாணி பரிமாறும்போது பார்த்தேன், கணவர் வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். இரண்டாம் சரணத்தோடு நின்றிருந்தது.

"நீ தனியா மாட்டிக்கின எடத்த கட் பண்ணிட்டேன்" என்றார். "உனுக்குத்தான அசிங்கமா இருக்கும்?"

"முழுசு இருக்கா?"

"மெமரி ஃபுல்லுன்னு காட்டிச்சு. டெலிட் பண்ணிட்டனே."

எனக்காகத்தான் செய்தார். அந்த நிமிடம் எனக்கு அசிங்கமாகத்தான் இருந்தது, அதுவும் உண்மை. அதனால் அவரிடம் சண்டை போடக்கூட முடியவில்லை. பரிமாறிக்கொண்டே இருந்தேன். சூப்பர் பாட்டு, சூப்பர் பாட்டு என்று சொந்தக்காரர்களிடமிருந்து மெசேஜ் வந்துகொண்டிருந்தது.

இளைப்பு அதிகமாகி அம்மாவால் அன்று வர முடியவில்லை. நாலு மணிக்குப் போன் செய்தார்.

"வீடியோ பாத்தேன்மா. மூணாவது சரணம் பாடலயா?"

"பாடினேம்மா."

"அதுல வரலியே."

"பாடினேன்."

அவர் மூச்சு வாங்கினார். "சரி, இப்ப எனக்கு ஒருவாட்டி பாடிக் காட்டு."

"பிள்ளை தூங்குறான்மா, அப்புறம் பாடுறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் என் மடியில் கண்ணைத் திறந்துகொண்டு என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.