மூன்று பந்தும் அரை மீசையும்

1. துண்டு

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் ரோட்டில் ஒரு மைல் நடந்த பிறகுதான் சலூன் துண்டு இன்னும் என் தோளில் கிடப்பதைக் கவனித்தேன். கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அங்கே நாற்காலியில் ஒருவர் பாதி மீசையோடு தூங்கிக்கொண்டிருந்தார். மற்றப் பாதியை எடுத்தவன் நான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொழும்பில் தட்டுக் கழுவினேன், நுவரெலியாவில் கரட் கழுவினேன், கடைசியாகச் சவரம் பழகினேன். எந்த வேலையையும் சொல்லிக்கொண்டு விட்டதில்லை. பாதி மீசையில் விட்டது இதுதான் முதல் தடவை. இனி அந்த டவுனில் எந்தச் சலூனும் என்னைச் சேர்க்காது.

2. மூன்று பந்து

அந்த மீசைக்காரர் பெயர் சந்திரன். எங்கள் தோட்டத்து மேல் டிவிசனின் வேகப்பந்துக்காரர். அவர் போடும் பந்து நேராகக் கால் விரலில் வந்து விழும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கீழ் டிவிசனோடு ஃபைனல். கடைசி ஓவரில் மூன்று பந்து மிச்சம், அவர்களுக்கு நாலு ரன் வேண்டும். பந்து சந்திரன் கையில். எங்கள் டிவிசன் தோற்றால் என் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சபையில் கத்தியிருந்தேன்.

அப்போது தேயிலைக் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. சந்திரன் பந்தைப் பக்கத்தில் நின்றவன் கையில் வைத்துவிட்டு ஓடிப்போய் லொறியில் ஏறிவிட்டார். அடுத்த பந்து சிக்ஸ்.

ஒரு வாரம் அரை மீசையோடு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். கங்காணி பெயர் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பு. எட்டாம் நாள் தோட்டத்தை விட்டேன்.

3. லொறி

பின்னால் ஹோர்ன் சத்தம். கொழுந்து லொறி. ஓட்டி வந்தவர் அரை மீசைச் சந்திரன். அடிவாங்கத் தயாராக நின்றேன்.

"ஏறுங்க தம்பி. வெந்நி எடுக்கப் போனீங்கன்னு நெனச்சேன். மணியப் பாத்தா நேரமாயிருச்சு, நானும் ஓடியாந்துட்டேன்."

"மீசையப் பாக்கலையா?"

"சைட் கண்ணாடியில பாத்தேன். இதுவும் ஒரு ஸ்டைலோ என்னவோன்னு விட்டுட்டேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. ஃபைனல் கதையைக் கொட்டினேன். அவர் கியரை மாற்றினார்.

"அப்ப நாம தோத்துட்டமா?"

"பன்னெண்டு வருசமா தெரியாதா?"

"யாரும் சொல்லலையே. அன்னைக்கு நான் லொறிக்கு ஹெல்பரு. கொழுந்து மண்டுன மாசம், ஞாயித்துக்கெழமயும் எடுத்தாங்க. சாக்குல கெடந்தா சூடேறிச் செவந்துரும்."

"மூணே மூணு பந்துண்ணே!"

"ஒனக்கு மூணு பந்து. ஒண்ணு தேயிலைக்குள்ள போனா தேட அரை மணி நேரம். பொம்பளைங்க காலையிலருந்து எடுத்த கொழுந்துய்யா."

என் கோபம் அப்படியே இருந்தது.

"ஹெல்பரு கொழும்புக்குப் போயிட்டான். நாளைக்கு வர்றியா?" என்றார்.

4. மடுவம்

மறுநாள் காலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றேன். சந்திரனின் முகத்தைப் பார்த்து ஓர் அக்கா கேட்டார்: "என்னங்கண்ணே, கவ்வாத்து வெட்டு பாதியில நின்னுபோச்சு?" வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்தப் பழைய பெரட்டு ஞாபகம் வந்தது. நினைத்த அளவு இனிக்கவில்லை.

சந்திரன் ஒரு பிளேடையும் சோப்பையும் நீட்டினார். "மிச்சத்த முடிச்சு விடு. நிறுக்கிற வரைக்கும் நேரமிருக்கு."

சோப்பு நுரை தடவி, பிளேடை மீசை ஓரத்தில் வைத்தேன். இந்தத் தடவை முடித்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

"கொழுந்து நிறுத்தாச்சு! ஏத்துங்க!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். வெயில் சாக்குகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. என் கை தானாகப் பிளேடைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டது. லொறி மேல் தாவி ஏறினேன்.

எடுத்த வேலையைப் பாதியில் விடாதே என்று சொல்வார்கள். எதைப் பாதியில் விடலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கீழிருந்து முதல் சாக்கை வீசினார் சந்திரன், முகத்தில் நுரையோடு. நேராக என் கால் விரலில் வந்து விழுந்தது.