கடலுக்குப் போட்ட வேலி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு லாசாலில் ஒரு கடை, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடை, இரண்டும் என் பெயரில். மொன்றியலில் நல்ல கருவாடு வேண்டுமென்றால் டொக்டர்மாரும் என் கடைக்குத்தான் வரவேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

சீனர்களைப் பற்றியும் எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சென்ட் லோரன்டில் பெரிய குளிரறை வைத்து மீன் விற்கிற ஒரு சீனாக்காரரிடம் இருபது வருடத்துக்கு மேலாகச் சாமான் எடுக்கிறேன். அவருக்கும் ஆங்கிலம் ஓடாது, எனக்கும் ஓடாது. உடைந்த பிரெஞ்சில் கதைப்போம். அவர் என்னை 'பத்ரோன்' என்பார், நானும் அவரைப் 'பத்ரோன்' என்பேன். முதலாளி என்று அர்த்தம். கோயிலில் படித்த ஆட்கள் கூடிநின்று, சீனா எங்கள் நாட்டின் தெற்கில் துறைமுகத்தை எடுத்துவிட்டது, கடன் கொடுத்தே நாட்டை விழுங்கப்போகிறது என்று கதைக்கும்போது நான் நடுவில் புகுந்துவிடுவேன். "நீங்கள் பேப்பரில பாக்கிற சீனாக்காரனை நான் நேரில பாக்கிறன். அவர் என்ர கூட்டாளி." ஊரில் இருக்கிற தம்பிக்கும் போனில் இதையே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கடலை விடாதவன் தம்பி மட்டும்தான். கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் தடி நட்டு, வலை கட்டி இறால் பிடிப்பான். ஆழக்கடலுக்குப் போகப் படகும் இல்லை, முதுகும் விடாது. அந்த ஒரு துண்டுக் கடலில்தான் அவனுடைய அடுப்பு எரிந்தது.

போன வருடம் இங்கே பனி கொட்டத் தொடங்கிய நேரம் அவன் போன் எடுத்தான்.

"அண்ணை, கடலுக்கு வேலி போட்டிட்டாங்கள்."

"விசர்க் கதை கதையாத. கடலுக்கு என்னடா வேலி?"

"உண்மையாத்தான். தடி நட்டு, சுத்திவர வலை அடிச்சு, லைற்றும் பூட்டியிருக்கு. அட்டைப் பண்ணையாம். என்ர இடத்துக்கு மேலாலதான் போகுது."

கடலட்டையைச் சொன்னான். சேற்றில் கிடக்கிற, கறுத்த, வழுவழுத்த சாமான். எங்கள் சனத்தில் அதைச் சட்டியில் போட்ட ஒரு வீட்டை நான் கண்டதில்லை. சீனர்கள்தான் தின்பார்கள். பண்ணை ஊர்க்காரர் சிலரின் பெயரில்தான் இருந்ததாம். அட்டைக் குஞ்சு கொடுப்பதும், வளர்ந்ததை வாங்குவதும் ஒரு சீனக் கம்பனி. மீன்பிடிக் கந்தோரில் கேட்டால், அனுமதி கொழும்பில் இருந்து வந்தது என்கிறார்கள். கொழும்பில் இவன் யாரைத் தெரிந்து கேட்பது?

"நீங்கள்தானே அண்ணை சொல்லுவியள், சீனாக்காரன் உங்கட கூட்டாளி எண்டு. ஒருக்கா அவரிட்டக் கேளுங்கோவன். என்ர துண்டை மட்டும் விட்டுத்தரச் சொல்லி."

நக்கலாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது குரலில் நக்கல் இல்லை.

கேட்கிறேன் என்றேன். பத்ரோனின் தம்பி சீனாவில், அவர்களுடைய மாகாணத்தில், மீன் வியாபாரம் பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் பெரிய ஆள். அதைப் பத்ரோனே தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

அடுத்த நாளே போனேன். கதையைச் சொல்லி, "உங்கட தம்பி" என்று வாய் திறந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தன் போனை எடுத்தார், என்னுடையதையும் வாங்கினார், இரண்டையும் குளிரறைக்குள் மீன் பெட்டிமேல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் சண்டை நடந்த நாட்டிலிருந்து வந்தவன். ஆமிக்காரனுக்குப் பயந்து குசுகுசுத்தவன். ஆனால் மொன்றியலில், சொந்தக் கட்டடத்துக்குள், ஒரு முதலாளி போனுக்குப் பயந்து நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்ர தம்பியைப் பற்றிப் போனுக்குக் கிட்ட நிண்டு ஒருநாளும் கதைக்காதேங்கோ, பத்ரோன்."

"ஒரு சொல்லுத்தானே. கேட்டுப் பாக்கிறதில என்ன?"

"கேட்டால், ஏன் கேட்டாய் எண்டு அவனைக் கேப்பாங்கள். வெளிநாட்டில இருக்கிற அண்ணன் சொன்னவன் எண்டு வரும். அவன்ர கந்தோரில ஒராளை இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். இன்னும் திரும்பி வரேல்லை."

"எங்க கொண்டு போனவங்கள்?"

"அதையும் ஒருத்தரும் கேக்கேல்லை."

பிறகு தாயைப் பற்றிச் சொன்னார். அங்கே படுக்கையில் கிடக்கிறாராம். தாயின் கடைசி நேரத்தில் தன்னை நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லிவிடக்கூடாதாம். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது? எனக்கும் தம்பி, அவருக்கும் தம்பி.

மனம் கேட்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைனாடவுனுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். குடும்பம் முழுக்க வந்திருந்தது. வாசலைப் பார்த்த கதிரையில் என்னை இருத்தினார்கள். அது பெரிய ஆளின் இடம். அப்படியான இடங்களில் இருந்து பழகியவன் நான். கடைசியாக ஒரு பெரிய தட்டு வந்தது. பத்ரோன் எழுந்து, முதல் துண்டைத் தன் கையால் என் கோப்பையில் வைத்தார். தடித்த குழம்புக்குள் கறுப்பாக, வழுவழு என்று கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, கடலட்டை.

"விருந்தில இதுதான் பெரிசு," என்றாள் அவருடைய மகள். "உங்களுக்கெண்டு அப்பா முதலே சொல்லி வைச்சவர்."

மேசை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன். உப்பில்லை, உறைப்பில்லை, மீன் மணம்கூட இல்லை. நாக்கில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ருசி ஒண்டையும் காணேல்லையே, பத்ரோன்," என்றேன் மெல்ல.

"ருசிக்கு இல்லை," என்றார். "இது மரியாதைக்கு."

பகிடிக்குச் சொல்லவில்லை. ஆளை மதிக்கிறோம் என்று காட்டுவதற்காகவே கல்யாணத்திலும், அதிகாரிகளுக்குக் கொடுக்கிற விருந்திலும் இதை வைப்பார்களாம். எனக்கு அது நன்றாகவே விளங்கியது. என் மகளின் கல்யாணத்துக்கு வந்த சனம் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று மண்டபத்துக் கூரை முழுக்கப் பூத் தொங்கவிட்டவன் நான். அந்தப் பூவை எந்த நாட்டில், யாருடைய நிலத்தில் வளர்த்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

தம்பிக்கு உள்ளதைச் சொன்னேன். "சரிவராதடா. அவரால ஏலாது."

"உங்களுக்கே ஏலாதெண்டால், பேந்து நான் ஆரிட்டப் போறது?" என்றான்.

ஊரில் கொஞ்சப்பேர் கந்தோர் வாசலில் குந்தியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். இவனும் போயிருந்தான். யாரோ வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். வேலி நின்றது.

இங்கே பனி கரைந்த பிறகு, ஒரு நாள் காலை கடை திறக்கும்போது கூப்பிட்டான். அங்கே பொழுது பட்டிருந்தது. அவனுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"எங்கயடா நிக்கிறாய்?"

"கடலுக்குள்ள. பண்ணைக் கொட்டிலில. காவலுக்கு ஆள் கேட்டவை. இந்தப் பக்கத் தண்ணி எனக்குத்தான் தெரியுமெண்டு என்னை எடுத்தவை."

"உன்ர இடத்திலயோ?"

"ஓம், அதே இடம்தான். வெளிச்சத்துக்கு இறால் வந்து வேலியில முட்டுது அண்ணை. நல்ல பருமன்."

"கொஞ்சம் பிடிச்சால் என்ன?"

"பிடிக்க வாறவையைக் கலைக்கத்தானே எனக்குச் சம்பளம். நேற்று ஒருத்தன் வலையோட வந்தான். கந்தோர் வாசலில எனக்குப் பக்கத்தில குந்தியிருந்தவன். நான்தான் திருப்பி அனுப்பினனான்."