மதினிக்குக் கொழும்பில் வீடு விழுந்த கதை

இன்று காலை போனை எடுத்தால்...

“மச்சி! எனக்குக் கொழும்புல வீடு விழுந்திரிக்கி!”

என் காக்காவின், அதாவது அண்ணனின், மனைவி. என் மதினி! (மச்சி என்றால் நாத்தனார். அதாவது நான்.)

“எந்த இடத்திலகா?”

“குலுக்கல் பரிசாம், போன்ல சொன்னாங்க. கடல் பார்த்த வீடாம். மாடியாம். ஜன்னலத் தொறந்தா அலை தெரியுமாம்!”

(எங்களுக்கா கடல் காட்டுகிறார்கள்! கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்கும் கடல் தெரிந்தது. சுனாமி அன்று அது உள்ளேயே வந்து பார்த்துவிட்டுப் போனது.)

“பரிசுக்கு வரி மட்டும் முதல்ல கட்டணுமாம். காப்ப அடகு வெக்கப் போறன். எங்கட சின்னவள்ட கலியாணம் இந்த வீட்டாலதான் நடக்கணும்.”

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெண்ணுக்கு வீடு இல்லையா, கலியாணமும் இல்லை!

சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தோம். என் மூத்த மகளுக்குத் தன் மகனைப் பேசி வைத்திருந்த இதே மதினி, அங்கே வந்துதான் சொன்னார்.

“வீடில்லாத புள்ளைய எப்புடி மச்சி எடுக்கிற?”

(சொல்லும்போது குடித்தது நான் ஊற்றிக் கொடுத்த பால் இல்லாத பிளேன்டி. நிவாரணச் சீனியில் இரண்டு கரண்டி!)

அப்புறம் வீட்டுத் திட்டத்துக்குக் குலுக்கல் வைத்தார்கள். நானே குடத்துக்குள் கையை விட்டுத் துண்டு எடுத்தேன். வீடு விழுந்தது! சாவி கைக்கு வர, நாட்டில் யுத்தம் முடிந்த வருஷம் ஆகிவிட்டது.

மறுநாளே மதினி ஒரு தட்டுத் தொதல் இனிப்போடு வாசலில்!

தொதலை வாங்கினேன். மாப்பிள்ளையை வாங்கவில்லை. மகளுக்கு வேறு நல்ல இடம் வந்தது.

இன்றைக்கும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். காப்பு போனால் போகட்டும் என்று.

ஆனால் அந்தச் சின்னவள் என்ன பாவம் செய்தாள்?

“மதினி, நீங்க எப்பகா குலுக்கல்ல துண்டு எடுத்தீங்க?”

“நான் எடுக்கல்லியே.”

“கை வெக்காத குடத்திலரிந்து வீடு எப்புடிகா வரும்? கள்ளனுக்குக் காப்பக் கழட்டிக் குடுக்காதீங்க!”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“அப்ப என்ட புள்ளைக்கு வீட்டுக்கு நான் எங்க போவன், மச்சி?”

மதினியே தொடர்ந்தார்.

“மச்சி... ஒங்கட கடைசி மகனுக்கு... வீடில்லாத புள்ளைய எடுப்பீங்களா?”

அல்லாஹ்! இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் என்னை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தானா!

“கேட்டுச் சொல்றன்” என்று போனை வைத்தேன்.

கேட்க என்ன இருக்கிறது! பக்கத்தில் நின்ற மகனுக்கு வாயெல்லாம் பல். “உம்மா, வீடு என்னத்துக்கு? அவள் வந்தாப் போதும்” என்கிறான். (எத்தனை நாளாக நடக்கிறதோ!)

எனக்கும் சம்மதம்தான்.

ஆனால் நாளைக்குத்தான் சொல்வேன். அந்தப் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் நான் எத்தனை இரவு தூங்காமல் புரண்டேன்! ஒரே ஒரு இரவு மதினியும் புரளட்டும்.

நியாயம்தானே? நீங்களே சொல்லுங்கள்.

(மதினிக்கு ஃபேஸ்புக் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் விடியும்வரை காட்டிக்கொடுக்க வேண்டாம்!)